வெறுந்தட்டில் முள் எங்கே நிற்கிறது?

கொழும்பில் பாண் வாங்கப் போகிறவர் இன்றும் "ஒரு றாத்தல்" என்றுதான் கேட்பார். சீனியும் பருப்பும் எப்போதோ கிலோவுக்குப் போய்விட்டன. பாண் மட்டும் போகவில்லை. சட்டம் சொல்லும் நிறை 450 கிராம், அரை றாத்தலுக்கு 225. பிரித்தானிய இறாத்தல் 453.6 கிராம். மிச்ச 3.6 கிராம் மெற்றிக்குக்கு மாறியபோது வட்டக் கணக்கில் கரைந்தது.

அந்தச் சொல் வந்த வழியே பின்னோக்கி நடந்தால் நேரே தராசுக்குப் போய்ச் சேரலாம். போர்த்துக்கேயரிடம் அது "அர்றாத்தெல்". அவர்களுக்கு அதைக் கொடுத்தது அரபியரின் "றத்ல்". அரபுக்கு மூலம் கிரேக்கத்தின் "லித்ரா". லித்ராவின் ஒட்டுறவுதான் இலத்தீனின் "லிப்ரா". உரோமருக்கு லிப்ரா என்றால் தராசு; அந்தத் தராசில் வைக்கும் நிறைக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் இறாத்தலை எல், பி என்று இரண்டு எழுத்தில் சுருக்குவதும், துலாம் ராசிக்கு லிப்ரா என்று பெயர் வந்ததும் இதனால்தான். லீற்றர் என்ற சொல்லும் லித்ராவின் பிள்ளை. ஆக, தேங்காய் எண்ணெய் லீற்றரும் பாண் இறாத்தலும் ஒரு வயிற்றுப் பிறப்பு.

நமக்கு "தராசு" பாரசீகத்திலிருந்து வந்தது. அதற்கு முன்னிருந்தவை துலாக்கோல், நிறைகோல், வெறுமனே கோல். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் நீர் இறைத்த துலாவும் அதே சொல்தான்: நடுவில் தாங்கிய மரம், ஒரு முனை தாழ மறுமுனை எழும். தராசின் நடு முள்ளுக்கு நா என்று ஒரு பெயர். ஞமன் என்று இன்னொன்று. சங்கப் பாட்டில் அரசனுக்கு உவமையாக வரும் சொல். எமனுக்கும் அதுவே பெயர். பக்கம் சாயாத இரண்டு பேருக்கு ஒரே பெயர் வைத்தவர்கள் யோசிக்காமல் வைத்திருக்கமாட்டார்கள்.

தராசை நீதியின் சின்னமாகப் பார்த்துப் பழகியவர்கள் இரண்டு தட்டிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். தராசைக் கையாண்டு பழகியவர்கள் தட்டில் ஒன்றும் இல்லாதபோது முள் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கள்ளத்தில் பாதி அந்த இடத்திலேயே முடிந்துவிடும். மற்றப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிய, கோலைக் கொஞ்சம் கழற்றிப் பார்க்கவேண்டும்.

ஒரு தட்டுத் தராசில் உயிரான இடங்கள் மூன்று. கோலின் நடுவே கீழ்நோக்கிய கத்திமுனை; அதில்தான் கோல் முழுவதும் தங்குகிறது. இரு நுனிகளிலும் மேல்நோக்கிய கத்திமுனைகள்; அவற்றில் தட்டுகள் தொங்குகின்றன. மூன்று முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். நுனிக் கத்திகள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், பாரம் கூடக்கூட தராசு மந்தமாகும். ஒரு பிடி பருப்பு கூடினாலும் முள் அசையாது. மேலே ஏறியிருந்தால், பாரம் கூடக்கூட துள்ளத் தொடங்கி, ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு பக்கம் குப்புற விழுந்து அங்கேயே கிடக்கும். பாரத்தில் கோல் வளைந்துபோன பழைய தராசுகள் மந்தமாவது இதனால்தான். எண்ணெய் போட்டுப் பயனில்லை.

அடுத்தது, கோலின் ஈர்ப்பு மையம் நடுக் கத்திக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. நடுவிலிருந்து நுனி வரை 150 மில்லிமீற்றர் நீளமும் 200 கிராம் நிறையும் உள்ள கோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈர்ப்பு மையம் கத்திக்கு 1 மில்லிமீற்றர் கீழே இருந்தால், ஒரு தட்டில் 0.1 கிராம் கூடியதும் கோல் 4 பாகைக்கு மேல் சாயும். 10 சென்ரிமீற்றர் முள்ளின் நுனி ஏழரை மில்லிமீற்றர் நகரும். அதே மையம் 5 மில்லிமீற்றர் கீழே இருந்தால் சாய்வு ஒரு பாகைகூட வராது, முள் ஒன்றரை மில்லிமீற்றர்தான் நகரும். பொற்கொல்லரின் தராசும் பலசரக்குக் கடைத் தராசும் பார்வைக்கு ஒரே சாதியாக இருந்தும் குணம் வேறுபடுவது இந்த நாலு மில்லிமீற்றரில். நன்றாக நுணுக்கம் காட்டும் தராசு மெதுவாக ஆடும், நிலைக்கு வர நேரம் எடுக்கும். கடையில் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது அது உதவாது. கடைத் தராசு கொஞ்சம் மந்தமாக இருப்பது குறையென்று சொல்லமுடியாது, அது அந்த வேலைக்கான அமைப்பு.

கத்திமுனை உருக்காக இருந்தால் கொழும்பின் கடற்காற்றே அதற்கு எதிரி. துருப்பிடித்து முனை மழுங்கினால் கோல் ஒரு புள்ளியில் தங்காமல் உருளும். அப்போது அதே சாமானை மூன்று தரம் நிறுத்தால் மூன்று விடை வரும். நல்ல தராசுகளில் முனையும் அது தங்கும் இடமும் அகேற் கல்லில் இருப்பது இதற்காகத்தான்.

இனி மற்றப் பாதிக்கு வருவோம். வெறுந்தட்டில் முள் நேராக நின்றால் தராசு சரி என்று நினைப்பது பாதி அறிவு. கோலின் ஒரு கை 150 மில்லிமீற்றர், மறு கை 153 என்று வைத்து, நீளக் கையின் தட்டைச் சற்று இலேசாகச் செய்துவிட்டால், வெறுமையில் முள் அழகாக நடுவில் நிற்கும். குட்டைக் கையில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்து நீளக் கையில் அரிசியை நிறுத்தால், 980 கிராமுக்கே சமனாகிவிடும். இதைப் பிடிக்க வேறு கருவி எதுவும் வேண்டாம். முள் நேராகும்வரை நிறுத்தபின், படிக்கல்லையும் அரிசியையும் தட்டு மாற்றி வைக்கவேண்டும், அவ்வளவுதான். கைகள் சமனென்றால் முள் அசையாது. மேலே சொன்ன தராசில் 40 கிராம் வித்தியாசம் காட்டும். அதாவது பிழை இரட்டித்து வெளியே வரும். மாற்றி நிறுத்த இரு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மை நிறை கிடைக்கும். கணிதமேதை கவுஸின் பெயரால் சொல்லப்படும் முறை இது. போர்தா என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரில் உள்ள முறை இன்னும் எளிது: சாமானுக்கு எதிரே மணலைக் கொட்டிச் சமன்செய்து, சாமானை எடுத்துவிட்டு அதே தட்டில் படிக்கற்களை வைத்து மறுபடி சமன்செய்வது. கை எவ்வளவு கோணலாக இருந்தாலும் விடை நேராக வரும்.

"பாதியை இந்தத் தட்டிலும் பாதியை அந்தத் தட்டிலும் நிறுத்துத் தாங்க, சரியாப்போகும்" என்று சிலர் சொல்வதுண்டு. சரியாகாது. கைகள் 100க்கு 110 என்றால், ஒரு கிலோ படிக்கல்லுக்கு ஒரு தடவை 1,100 கிராம் வரும், மறு தடவை 909. சேர்த்தால் 2,009. இப்படி நிறுக்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரருக்குத்தான் நட்டம். கள்ளத் தராசுக்காரர் தானாக விழும் குழி அது.

ஆகவே பிழை இரண்டு வகை. வெறுந்தட்டிலேயே முள் விலகி நிற்கும் தொடக்கப் பிழை எந்த நிறைக்கும் ஒரே அளவுதான் தின்னும். 20 கிராம் என்றால் 20 கிராம், 100 கிராம் மிளகு வாங்குபவரை அது கொல்லும், 10 கிலோ வெங்காயம் வாங்குபவர் உணரமாட்டார். விகிதப் பிழை நிறையோடு வளரும். அது மூட்டைக்காரரைத் தாக்கும். இன்றைய மின்னணுத் தராசிலும் இதே இரண்டுதான் இருக்கின்றன, உடை மாத்திரம் வேறு.

குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில், 118ஆம் குறளில், சான்றோருக்கு உவமையாக வரும் கோல் "சமன்செய்து சீர்தூக்கும்" கோல். பரிமேலழகர் இந்த இரண்டையும் முன், பின் என்று வரிசைப்படுத்துகிறார்: முன்னே தான் சமனாக நிற்பது, பின்னே தன்மேல் வைத்த பாரத்தை வரையறுப்பது. தராசுக் கடைக்காரர் ஒருவரிடம் பாடம் கேட்டு எழுதியதுபோல இருக்கிறது. மேடைகளில் இந்தக் குறளைச் சொல்பவர்கள் அநேகமாகச் சீர்தூக்கலில் நின்றுவிடுகிறார்கள். வேலை நடப்பது அதற்கு முந்திய சொல்லில்.

எகிப்தியரின் மறுமைக் காட்சியிலும் இதே கவனம் உண்டு. இறந்தவரின் இதயம் ஒரு தட்டில், மாத் என்னும் நீதித் தெய்வத்தின் இறகு மறு தட்டில். தோத் எழுத்தாணியோடு நிற்கிறார். இதயம் தோற்றால் விழுங்க அம்மித் என்ற முதலைத்தலை விலங்கு காத்திருக்கிறது. பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள, கி.மு. 1250 அளவிலான ஆனி என்பவரின் பாப்பிரசுச் சுருளில், நரித்தலை அனுபிஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முழந்தாளிட்டு, தராசின் நடுவே தொங்கும் தூக்குக் குண்டைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். இதயத்தைப் பார்க்கவில்லை. தீர்ப்பு நாளிலும் முதலில் தராசுக்குச் சோதனை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இன்னும் கறாரானவை. பொன்னை "ஆடவல்லான்" என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகைகளைத் "தட்சிணமேரு விடங்கன்" என்னும் கல்லாலும் நிறுத்ததாகச் சொல்லும். எந்தப் படிக்கல் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் பின்னால் வருபவன் அதே கல்லால் சோதிக்கலாம். அதற்கு மேல், கோத்த நகைகளில் சரடு நீக்கி நிறுத்ததென்றும் குறிப்பு. இன்றைக்கு நகைக்கடைச் சிட்டையில் கல் கழித்த நிறை என்று போடுகிறார்களே, அதன் மூத்த வடிவம். கணக்கு கழஞ்சில், மஞ்சாடியில், குன்றியில் ஓடும்: இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டும் ஒருவகையில் நிறுவைப் பட்டியல்தான். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அது 1911இல் காலியில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் காணிக்கைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு.

விதையை நிறையாக வைத்த பழக்கம் உலகெங்கும் உண்டு. மாணிக்கத்தை நிறுக்கும் கரட், கரோப் மரத்தின் விதையிலிருந்து வந்த பெயர். கரோப் விதைகள் எல்லாம் ஒரே நிறை என்பது அழகான கட்டுக்கதை. அளந்து பார்த்தபோது மற்ற விதைகளைப்போல அவையும் கூடிக் குறைந்தே இருந்தன. 1907இல் மெற்றிக் கரட் 200 மில்லிகிராம் என்று முடிவானதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. (இலங்கைத் தமிழில் சமையலறைக் கரட்டையும் நகைக்கடைக் கரட்டையும் ஒரேமாதிரி எழுதுகிறோம். இதுவரை யாரும் மாற்றி வாங்கியதாகத் தெரியவில்லை.) சிந்துவெளி மக்கள் விதையை நம்பாமல் கல்லை வெட்டினார்கள். சேர்ட் கல்லில் கனசதுரம்; ஏறத்தாழ 0.86 கிராமில் தொடங்கி இரண்டிரண்டாகப் பெருகி, பதினாறாம் மடங்கில் 13.7 கிராம் வரும் வரிசை. இரண்டின் மடங்கில் வைத்தால் குறைந்த கற்களைக் கொண்டு எல்லா நிறையையும் கூட்டிக்கொள்ளலாம்: 1, 2, 4, 8 என்று நாலு கல் போதும், 15 வரை எதையும் நிறுக்க.

கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவுக்கு வருவோம். பவுண் என்று இங்கே சொல்வது 8 கிராம். அசல் பிரித்தானியச் சவரின் நாணயம் 7.988. தங்கம் நிறுக்கும்போது மின்விசிறி நிற்கவேண்டும், கண்ணாடி மூடி இறங்கவேண்டும். 0.01 கிராம் காட்டும் தராசில் மூச்சுக்காற்றும் எண்ணாக மாறும். பழைய நகை விற்கப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது கல்லும் அரக்கும் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதை. தராசு சரியாகவே இருக்கும், கழிவுதான் பேச்சில் போகும்.

தங்கத்தின் மாற்றை நீரில் நிறுத்துப் பார்க்கும் பழைய வித்தை இன்றும் செல்லும். முதலில் காய்ந்த நகையை நிறுக்கவேண்டும். பிறகு மெல்லிய நூலில் கட்டித் தொங்கவிட்டு, பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் நீருக்குள் முழுதும் அமிழ்த்தி மறுபடி நிறுக்கவேண்டும். காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் விடை பிழைக்கும். நீரில் ஒரு துளி சவர்க்காரம் விட்டால் குமிழ் விலகும். காற்றில் 8.00, நீரில் 7.55 என்றால் வித்தியாசம் 0.45, எட்டை அதால் வகுத்தால் அடர்த்தி 17.8. 22 கரட் தங்கத்துக்கு 17.7 முதல் 17.9 வரை வரும். ஆனால் அளவு மீறி நம்பக்கூடாது. அந்த 0.45இல் 0.01 பிழைத்தாலே விடை 17.4க்கும் 18.2க்கும் நடுவே எங்கும் விழலாம். சின்ன மோதிரத்தை வைத்து 22க்கும் 21க்கும் வித்தியாசம் சொல்ல இது காணாது. பத்துப் பவுண் சங்கிலிக்குச் சொல்லலாம். கல் பதித்ததற்கும் உள்ளே வெற்றிடமுள்ள வளையலுக்கும் இந்த முறையே பொருந்தாது.

புறக்கோட்டையின் நாலாம் குறுக்குத் தெருவில் கிராம் பேச்சு எடுபடாது, அங்கே மூட்டைதான். நாட்டாமிமார் முதுகில் இறங்கும் மூட்டையில் சாமானும் சாக்கும் சேர்ந்தே இருக்கும். பெரிய சணல் சாக்கு ஒரு கிலோவை நெருங்கும். நெய்த பிளாஸ்ரிக் சாக்கு 100 கிராம் அளவில். நூறு மூட்டைக்கு இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 90 கிலோ. சாக்குக் கழிவு எவ்வளவு என்பதை விலை பேசும்போதே பேசிவைப்பது அதனால்தான். வீட்டுக்கு வரும் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரிலும் இதே பாடம்: வெற்றுச் சிலிண்டரின் நிறை கழுத்துப் பட்டியில் பொறிக்கப்பட்டிருக்கும். மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால் வரவேண்டியது 12.5. அந்தப் பொறிப்பைப் பார்க்காமல் மொத்த நிறையை மட்டும் பார்ப்பது வீண்வேலை.

முன்பு அரிசி கொத்தில் அளக்கப்பட்டது, நெல் புசலில். புசல் என்பது கொள்ளளவு. நெல்லுக்கு அதை 46 இறாத்தல், ஏறத்தாழ 20.9 கிலோ என்று நிறையாக மாற்றிக்கொண்டார்கள். அளவைப் பாத்திரத்தில் தலைதட்டுவதா, கும்பமாக விடுவதா, குலுக்குவதா என்ற சண்டை எல்லாம் தராசு வந்ததும் முடிந்தது. ஈரப்பதம் என்ற புதுச் சண்டை தொடங்கியது.

அந்தச் சண்டையை நெடுங்காலமாகப் போட்டு வருபவர்கள் மலையகத்தில் கொழுந்து பறிப்பவர்கள். கொழும்பு ஏலத்துக்கு வரும் தேயிலையின் முதல் நிறுவை, கொழுந்து நிறுக்கும் கொட்டிலான மடுவத்தில் நடக்கிறது. மழையில் நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு, முற்றல் இலைக் கழிவு என்று போகும். நனைந்த இலையில் நீர் இருப்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு என்பதை நிறுத்தா கழித்தார்கள், வாயால் சொல்லியா? பிணக்கு முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. வெற்றுச் சாக்கை எல்லார் முன்னும் ஒருமுறை தராசில் தொங்கவிட்டால் அரைவாசிப் பிணக்கு அங்கேயே அறும். இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கடையில் தராசைப் பிடித்திருப்பவர் விற்பவர், மடுவத்தில் தராசைப் பிடித்திருப்பவர் வாங்குபவர். கள்ளம் செய்ய நினைத்தால் முன்னவருக்கு முள் பூச்சியத்துக்கு மேலே தொடங்கவேண்டும், பின்னவருக்குக் கீழே. பழைய பேப்பர், போத்தல் வாங்க வருபவரின் கொழுவித் தராசும் பின்னவர் பக்கத்தைச் சேர்ந்தது.

வேதங்கள் இந்த இருதிசைக் கள்ளத்தை நன்றாக அறிந்திருந்தன. குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், வாங்கும்போது நிறைத்து வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைச் சபித்துத் தொடங்குகிறது. உபாகமம் 25ஆம் அதிகாரம், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை நிறைகல் வைத்திருக்கக்கூடாது என்கிறது. ஒன்று வாங்க, ஒன்று விற்க என்பதை விளக்கத் தேவையில்லை. பூம்புகார் வணிகரைப் புகழ்ந்த சங்கப் புலவனும் கொள்வது மிகாது, கொடுப்பது குறையாது என்று இரு பக்கத்தையும் சேர்த்தே சொன்னான்.

படிக்கல்லைப் பற்றியும் ஒரு சொல். வார்ப்பிரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி, அதில் ஈயம். கல்லைச் சரியான நிறைக்குக் கொண்டுவருவது அந்த ஈயம், முத்திரை குத்தப்படுவதும் அதில்தான். ஈயம் கழன்ற கல் நிறையையும் சாட்சியையும் ஒன்றாக இழக்கிறது. இரும்பு துருப்பிடிக்கும்போது முதலில் சற்றுக் கனக்கும், துரு உதிரத் தொடங்கினால் குறையும். பித்தளைக் கல்லைப் புளிபோட்டு மினுக்குவது பக்தியான வேலைபோலத் தெரியும். ஒவ்வொரு மினுக்கலிலும் கொஞ்சம் பித்தளை கரைந்து போகிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கல்லுக்கெல்லாம் மூத்த கல்லுக்கே இந்தக் கதி நேர்ந்தது. 1889 முதல் உலகத்தின் கிலோகிராம் என்பது பாரிசுக்கு அருகே செவ்ரில் பூட்டிவைத்த ஒரு பிளாற்றினம்-இரிடியம் உருளை. நூறு ஆண்டில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவில் இடைவெளி விழுந்தது. வரைவிலக்கணப்படி அந்த உருளை பிழைக்கவே முடியாது என்பதால், மாறியது பிரதிகள்தான் என்று சொல்லவேண்டிய வேடிக்கை! 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலி என்ற, எங்கும் மாறாத இயற்கை எண்ணில் தங்குகிறது. அதை நடைமுறையில் கொண்டுவரும் கருவிகளில் ஒன்று கிபிள் தராசு. ஒரு பக்கம் நிறை, எதிர்ப்பக்கம் படிக்கல்லுக்குப் பதில் மின்காந்த விசை.

மின்னணுத் தராசு இவற்றோடு ஒப்பிட்டால் சின்ன விசயம். தட்டுக்குக் கீழே ஓர் அலுமினியக் கட்டை. அதில் ஒட்டிய மெல்லிய கம்பித் தகடுகள். பாரத்தில் கட்டை கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது, தகடுகளின் மின்தடை மாறுகிறது. வழக்கமான கட்டை ஒன்றுக்கு 5 வோல்ற் கொடுத்தால் முழுப் பாரத்தில் வருவது 10 மில்லிவோல்ற். 30 கிலோ தராசில் 5 கிராமுக்கு ஓர் எண் மாறவேண்டுமென்றால் 10 மில்லிவோல்ற்றை 6,000 கூறாக்கவேண்டும். ஒரு கூறு இரண்டு மைக்ரோவோல்ற்றுக்கும் குறைவு. பற்றரி இறங்கினால், ஈரம் புகுந்தால், உள்ளே கரப்பான் குடியிருந்தால் எண் அலைவது அதிசயமில்லை. தட்டுக்கடியில் பருப்பு சிக்கினால் பாரத்தின் ஒரு பகுதியை அந்தப் பருப்பு தாங்கிக்கொள்ளும். எண் குறைந்து காட்டும், நட்டம் கடைக்காரருக்கு. மேசை சரிந்திருந்தால் காட்டிக்கொடுக்க நீர்மட்டக் குமிழ் ஒன்று உண்டு. கால்களைத் திருகிக் குமிழை வட்டத்துக்குள் கொண்டுவரவேண்டும். மேலே சுழலும் விசிறி அகலத் தட்டை அழுத்தும்.

தராசின் பெயர்த்தகட்டில் மூன்று எண் இருக்கும்: உச்ச நிறை, குறைந்த நிறை, பிரிவு (எண் மாறும் ஆகச் சிறிய படி). கடைத் தராசுகள் சேரும் மூன்றாம் வகுப்பில் குறைந்த நிறை என்பது பிரிவின் 20 மடங்கு. பிரிவு 10 கிராம் என்றால் 200 கிராமுக்குக் கீழே அந்தத் தராசை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. வெங்காயம் நிறுக்கும் அதே தராசில் 50 கிராம் ஏலக்காய் நிறுத்தால், தராசு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் 5 கிராம் இப்படியோ அப்படியோ போகலாம். ஏலக்காய் விலைக்கு அது சின்னக் காசில்லை. ஏலமும் கராம்பும் வாங்கும்போது சின்னத் தராசைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவாகாது.

கோல் தராசுக்கு இல்லாத ஒரு பலவீனமும் இதற்கு உண்டு. கோல் இரண்டு நிறைகளை ஒப்பிடுகிறது. பூமி இரண்டையும் ஒரேமாதிரி இழுப்பதால் இடம் மாறினாலும் விடை மாறாது. சுருள்வில்லில் தொங்கும் விற்றராசும் மின்னணுத் தராசும் இழுவையையே அளக்கின்றன. பாரிசில் புவியீர்ப்பு 9.809, கொழும்பில் சுமார் 9.781. அங்கே சரிசெய்த தராசை இங்கே அப்படியே வைத்தால் ஒரு கிலோவுக்கு 3 கிராம் அளவில் குறைத்துக் காட்டும். கொழும்பில் சரிசெய்ததை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் நூறு கிலோவுக்கு ஏறத்தாழ 40 கிராம் குறையும். தராசைப் பயன்படுத்தும் இடத்திலேயே படிக்கல் வைத்துச் சரிபார்க்கவேண்டும் என்ற விதிக்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்தப் பொறுப்பு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு. வியாபாரத் தராசுகளும் படிகளும் ஆண்டுதோறும் முத்திரை பெறவேண்டும்.

புதுக்கடை நீதிமன்றப் பக்கம் போகிறவர்களுக்குத் தராசு வேறொன்றாகத் தெரியும். கண்கட்டிய பெண், கையில் வாள், மறுகையில் தராசு. அந்தக் கண்கட்டு பெருமைக்காகக் கட்டியது இல்லை. 1494இல் பாசலில் அச்சான நையாண்டி நூல் ஒன்றின் மரச்செதுக்குப் படத்தில், ஒரு முட்டாள் நீதியின் கண்ணைக் கட்டுகிறான். வழக்காடிகளைக் கேலி செய்யும் படம். பிறகுதான் அதே துணி பாரபட்சமின்மையின் அடையாளமாக மாறியது. இலண்டன் ஓல்ட் பெய்லியின் உச்சியில் நிற்கும் சிலைக்குக் கண்கட்டு இல்லை. டெல்லி உச்ச நீதிமன்றத்தின் புதிய சிலைக்கும் இல்லை. டெல்லிச் சிலையில் வாளும் போய்விட்டது, தராசு மட்டும் தங்கிவிட்டது. நிறுக்கிறவர் கண்ணைக் கட்டிக்கொண்டால் முள்ளை யார் பார்ப்பது என்ற கேள்விக்குச் சிற்பிகளிடம் பதில் கிடையாது. அந்தச் சிலைகளில் ஒன்று மட்டும் சரியாக இருக்கிறது: தட்டுகள் எப்போதும் வெறுமையாக, சமனாக நிற்கின்றன. நம் பக்கத்தில் நீதிக்கு அடையாளமாக நின்றது மணி. எல்லாளனின் படுக்கைத் தலைமாட்டில் தொங்கியது. கயிறு வெளியே, யாரும் இழுக்கலாம். மணி முறைப்பாட்டின் கருவி, தராசு தீர்ப்பின் கருவி. இரண்டையும் ஒரே சிலையில் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சந்தைக்குப் போகும்போது மூடி திறக்காத ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் கையில் இருந்தால் ஓரளவு சோதனைக்கு அது போதும். நம் வெயிலில், 30 பாகையில், ஒரு லீற்றர் நீர் சுமார் 996 கிராம்; அதோடு போத்தலின் நிறை. வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்து எண்ணைப் போத்தலில் எழுதிக்கொள்ளலாம். மீன் கடையில் வேறு ஒன்றையும் பார்க்கலாம். கடைக்காரர் தட்டத்தை வைத்துப் பூச்சியமாக்கி, மீனைப் போட்டு, விலை சொல்லி, தட்டத்தோடு எடுத்துக்கொண்டு வெட்டப் போவார். அந்த நேரம் தராசில் கழித்தல் குறியோடு ஓர் எண் நிற்கும். அது தட்டத்தின் நிறை. தட்டத்தை வைத்துப் பூச்சியமாக்காமல் மீனை நிறுத்திருந்தால் அங்கே வெறும் பூச்சியம் நிற்கும்.